2 ஆண்டு சீருடை, 60 ஆண்டு சேவை: யார் இந்த கேப்டன் லட்சுமி?

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம், போளூர், பக்கத்தில் வேலூர் என இந்த வட்டாரத்துக்கு ராணுவம் புதுசு இல்லை. வீட்டுக்கு ஒருவரை ராணுவத்துக்கு அனுப்பும் ஊர் எனப் பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிப்பாயாகச் சேரும் பலர் 40 வயதைத் தொடும் முன்பே ஓய்வு பெற்று ஊர் திரும்பி விடுகிறார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் குறைவு. வெறும் 4 ஆண்டுதான். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் இருபதுகளின் நடுவிலேயே வீட்டுக்கு வந்து விடுவார்கள்.

சரி, அதுக்கு அப்புறம் என்ன? அடுத்த வேலை, கல்யாணம், கடன் எல்லாம் இருக்கட்டும். படையில் கற்றுக்கொண்டதை வைத்து சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் பிறந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படையை வழிநடத்தியவர். நமக்கெல்லாம் தெரிந்த கேப்டன் லட்சுமி. பாடப்புத்தகத்தில் அவர் துப்பாக்கியோடு நிற்பார். ஆனா அவர் சீருடையில் இருந்தது 2 ஆண்டுக்கும் குறைவான காலம்தான். அதற்குப் பிறகான 60 ஆண்டுக் கதை பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சென்னைப் பெண், டாக்டர் லட்சுமி

லட்சுமி சுவாமிநாதன் 1914 அக்டோபர் 24-ம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா சுவாமிநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அம்மா அம்மு சுவாமிநாதன் கேரளாவின் ஆனக்கரையைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற சில பெண்களில் ஒருவர். 1952 தேர்தலில் திண்டுக்கல்லில் இருந்து எம்.பி. ஆனவரும் இவர்தான். தங்கை மிருணாளினி புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் மனைவி.

வசதியான வீடுதான். ஆனா சின்ன வயசிலேயே லட்சுமிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஆனக்கரையில் பாட்டி வீட்டைச் சுற்றி மலையும் காடும். அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களின் நிழல் பட்டாலே தீட்டு என்று பார்க்கப்பட்ட காலம் அது. ஒருநாள் லட்சுமி நேராகப் போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டி வந்துவிட்டார். பாட்டிக்குப் பயங்கர கோபம். பேத்தி விட்டுக் கொடுக்கவில்லை.

ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து மகப்பேறு, பெண்கள் மருத்துவத்தில் டிப்ளமோ. திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனையில், அதாவது நம்ம ஊர்க்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், டாக்டராக வேலை பார்த்தார். பிரசவம் பார்ப்பதுதான் அவர் முதலில் கற்ற தொழில். கடைசி வரை கூடவே வந்த தொழிலும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் நடந்தது என்ன?

விமானி ஒருவருடன் நடந்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940-ல் லட்சுமி சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு கிளினிக் தொடங்கினார். பிழைப்பு தேடி வந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களும் ஏழைகளும் அங்கே சிகிச்சைக்கு வந்தார்கள்.

1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் போர்க் கைதிகள் ஆனார்கள். காயம்பட்டவர்களுக்கு லட்சுமி சிகிச்சை அளித்தார். அந்தக் கைதிகளில் பலர்தான் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

1943 ஜூலை 2-ம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கும் ஒரு படை வேண்டும் என்று அறிவித்தார். அன்றைய உலகில் இது பெரிய விஷயம். பெண்கள் ராணுவத்தில் நர்ஸாக இருக்கலாம், துப்பாக்கி தூக்கலாமா என்று கேட்ட காலம். அந்தப் படையை யார் நடத்துவது? போஸை சந்தித்துப் பேசிய லட்சுமி, பொறுப்பை ஏற்கச் சம்மதித்தார். சில நாட்களிலேயே 20 பெண்களைத் திரட்டி, கையில் துப்பாக்கியோடு போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. டாக்டர் லட்சுமி, கேப்டன் லட்சுமி ஆனார்.

அதே அக்டோபர் 21-ம் தேதி அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் அவர் மகளிர் துறை அமைச்சர். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்.

படையில் சேர்ந்தவர்கள் யார்?

இதுதான் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலானோர் மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். பால்வெட்டுத் தொழிலாளர்கள், அவர்களின் மகள்கள். பலர் இந்தியாவை ஒருமுறை கூடப் பார்த்ததில்லை. பார்க்காத நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடிக்க வந்தவர்கள்.

தோட்டத்தில் கங்காணிக்குத் தலைகுனிந்து நின்ற பெண்கள், முகாமில் நிமிர்ந்து நடக்கக் கற்றார்கள். அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வரைபடம் பார்ப்பது, நர்சிங், கூடவே எழுத்தறிவும் மொழி வகுப்பும். படித்த வீட்டுப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நின்றார்கள். இவர்களை ஒரு படையாகத் திரட்டியதுதான் லட்சுமி ராணுவத்தில் செய்த மிகப் பெரிய வேலை. ஆட்களைத் திரட்டுவது, கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது, மேலிடத்து ஏற்பாட்டுக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்குவது. இந்த மூன்றும் பின்னாளில் அவர் கூடவே வந்தன.

தோல்வி, கைது, திரும்பும் பயணம்

பர்மா வழியாக இந்தியாவுக்குள் நுழைவது திட்டம். ஆனா இம்பால், கோஹிமா போர்களில் ஜப்பானும் இந்திய தேசிய ராணுவமும் தோற்றுப் பின்வாங்கின. பெண்கள் படைக்குப் போர்முனையில் சண்டையிடும் வாய்ப்பு வரவில்லை. பர்மாவில் அவர்கள் கையில் இருந்த பெரிய வேலை, காயம்பட்டும் மலேரியா, வயிற்றுப்போக்கால் துவண்டும் வந்த வீரர்களைப் பராமரிப்பதுதான்.

1945 மே மாதம் லட்சுமி பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவிலேயே வைக்கப்பட்டிருந்தார். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை நடந்து, நாடே கொந்தளித்திருந்தது. விசாரிக்கப்பட்ட மூன்று பேரில் ஒருவர் பிரேம் குமார் சாகல். 1947 மார்ச்சில் லாகூரில் அவரை லட்சுமி திருமணம் செய்துகொண்டார். இருவரும் உத்தரப் பிரதேசத்தின் கான்பூரில் குடியேறினார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சுதந்திரம் வந்த பிறகும் இந்திய தேசிய ராணுவத்தினர் இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ஊரெல்லாம் மாலை போட்டது உண்மை. ஆனா சீருடை திரும்பக் கிடைக்கவில்லை. தோற்றுப்போன, கலைக்கப்பட்ட ஒரு படையின் கேப்டன் லட்சுமி. வயது 32. ஊர் புதுசு, மொழி வேறு. இனி என்ன செய்வது?

கான்பூரில் திறந்த கதவு

பதில் தேடி அவர் எங்கேயும் போகவில்லை. பதிலே அவர் இருந்த ஊருக்கு வந்தது. 1947 பிரிவினையில் மேற்கு பஞ்சாபில் இருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக கான்பூருக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள், பச்சைக் குழந்தைகளும் இருந்தார்கள். லட்சுமி மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

கான்பூர் அப்போது ஆலைகளின் நகரம். பருத்தி ஆலை, கம்பளி ஆலை, தோல் தொழிற்சாலை என எங்கும் தொழிலாளர் குடியிருப்புகள். ஆர்ய நகரில் இருந்த லட்சுமியின் கிளினிக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடும்பத்துப் பெண்கள்தான். கட்டணம் மிகக் குறைவு. கொடுக்க முடியாதவர்களிடம் வாங்குவதில்லை. இந்து, முஸ்லிம், அகதி, உள்ளூர்க்காரர் என்ற பாகுபாடு அங்கே கிடையாது.

கணவருக்கு ஜவுளி ஆலையில் நல்ல வேலை. இரண்டு மகள்கள். மூத்த மகள் சுபாஷினி அலி பின்னாளில் கான்பூர் எம்.பி. ஆனார். லட்சுமி நினைத்திருந்தால் பணக்காரர்களுக்கு மட்டும் பிரசவம் பார்த்து வசதியாக இருந்திருக்கலாம். தினமும் காலையில் அவர் போய் உட்கார்ந்தது ஏழைப் பெண்கள் வரும் கிளினிக்கில்தான். தலைமுறை மாறியது. தான் பிரசவம் பார்த்த பெண்களின் மகள்களுக்கும் பிரசவம் பார்க்கும் அளவுக்கு நீண்ட காலம் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

1971: எல்லையில் 5 வாரம்

வங்கதேச விடுதலைப் போரின்போது சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லை முகாம்களில் காலரா பரவியது. டாக்டர்களும் மருந்தும் வேண்டும் என்று கொல்கத்தாவில் இருந்து வேண்டுகோள் வந்தது. லட்சுமிக்கு அப்போது 56 வயது. கிளம்பிப் போனார். எல்லையோரம் உள்ள போங்கான் பகுதி முகாம்களில் சுமார் 5 வாரம் தங்கி வேலை பார்த்தார்.

கூடாரம், சேறு, மருந்துத் தட்டுப்பாடு, வரிசையில் முடிவே இல்லாத மக்கள். பர்மாவைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. அந்த ஆண்டுதான் அவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் நிறுவனத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் உண்டு. ஆனா எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் அவர் கிளினிக்கில் இடம் இருந்தது.

1984: ஒரே மாதத்தில் இரண்டு பேரழிவு

1984 அக்டோபர் 31-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து சீக்கியர்கள் மீது வன்முறை வெடித்தது. டெல்லிக்கு அடுத்து மோசமாகப் பாதிக்கப்பட்ட நகரங்களில் கான்பூரும் ஒன்று. லட்சுமிக்கு 70 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தெருவுக்கு வந்தார். கிளினிக் இருந்த நெரிசலான பகுதியில் கும்பலுக்கு எதிரே நின்று, சீக்கியர்களின் வீடும் கடையும் தாக்கப்படாமல் காத்தவர்களில் அவரும் ஒருவர்.

கையில் துப்பாக்கி இல்லை. கூட ஒரு படையும் இல்லை. அந்தத் தெருவில் அவருக்கு இருந்த ஒரே பலம், அங்கிருந்த எத்தனையோ வீடுகளில் அவர் பிரசவம் பார்த்திருந்தார் என்பதுதான்.

அடுத்த ஒரு மாதத்தில் போபால். டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையில் இருந்து விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். லட்சுமி ஒரு மருத்துவக் குழுவோடு அங்கே போனார். முதலுதவி கொடுத்துவிட்டு வந்ததோடு அவர் நிறுத்தவில்லை. அந்த வாயு கர்ப்பிணிகளை நீண்ட காலத்துக்கு எப்படிப் பாதிக்கிறது என்பது குறித்துப் பின்னர் அறிக்கையும் தந்தார். செய்தியாளர்கள் போன பிறகும் ஒரு மகப்பேறு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி அது. பிழைத்த பெண்ணின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும்?

87 வயதில் குடியரசுத் தலைவர் தேர்தல்

1998-ல் லட்சுமிக்கு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 2002-ல் இடதுசாரிக் கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தின. எதிர்த்து நின்றவர் அப்துல் கலாம். அந்தத் தேர்தலில் இருந்த இரண்டே வேட்பாளர்களும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். ஒருவர் ராமேஸ்வரம், இன்னொருவர் சென்னை. முடிவு எல்லாரும் எதிர்பார்த்ததுதான். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, லட்சுமிக்கு 1,07,366. தோற்ற பிறகு அவர் எங்கே போனார்? கான்பூர் கிளினிக்குக்குத்தான். 2006-ல், 90 வயதைத் தாண்டிய பிறகும், அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2012 ஜூலை 19-ம் தேதி மாரடைப்பு. ஜூலை 23-ம் தேதி கான்பூரில் காலமானார். வயது 97. அவரது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வழங்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு படித்துத் தொடங்கிய டாக்டர், இன்னொரு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாகி முடித்தார்.

இவர் மட்டும்தானா?

இல்லை. அதே படையில் இருந்த மலாயா தமிழ்ப் பெண் ஜானகி ஆதி நாகப்பன், போர் முடிந்த பிறகு மலாயாவில் மருத்துவ நிவாரணப் பணியில் இறங்கினார். பிறகு அந்த நாட்டின் பொது வாழ்க்கையில் முக்கியமானவர் ஆனார். இன்னொருவர் ராசம்மா பூபாலன். ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கும் ஆண்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று போராடியவர். தோற்ற படை என்று வரலாறு ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். அந்தப் படையில் நிமிர்ந்து நிற்கக் கற்ற பெண்கள் அதன் பிறகு உட்காரவே இல்லை.

நமக்கு இதில் என்ன இருக்கு?

முதலில், காலக்கணக்கு. லட்சுமி படையில் இருந்தது 1943 ஜூலை முதல் 1945 மே வரை. அக்னிவீரர் ஒருவரின் 4 ஆண்டை விடவும் குறைவு. ஆனா அந்தக் குறைந்த காலம் கொடுத்த பழக்கங்களை அவர் 60 ஆண்டுக்கும் மேல் பயன்படுத்தினார். கேப்டன் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, அவர் பெரிய அறக்கட்டளை தொடங்கவில்லை. பணம் சேரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை, அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் இருக்கும் இடத்தில் செய்தார். அவ்வளவுதான்.

மூன்றாவது, தேவை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்வோம். சரியான சாலை இல்லாத மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தூக்கி வரும் செய்திகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பிரசவ வலி வந்த பெண்ணுக்கு முக்கியம் நேரம். முதலுதவி தெரிந்த ஒருவர், கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர், பதற்றப்படாமல் நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்த ஒருவர், நள்ளிரவில் போன் செய்தாலும் எழுந்து வருகிற ஒருவர் அந்தப் பகுதியில் இருந்தால், ஒரு உயிர் பிழைக்க வாய்ப்பு கூடுகிறது. இந்த நாலும் ராணுவத்தில் இருந்து வந்தவருக்குத் தெரிந்த வேலைகள்தான்.

அக்னிபத் திட்டத்தின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். 4 ஆண்டுக் கணக்குப்படி, 2026 இறுதியில் இருந்து அவர்களில் பலர் ஊர் திரும்பத் தொடங்குவார்கள். அவர்களுக்கு வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்ல வேண்டும், அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு சேர்த்து, கற்றதை யாருக்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்ற இன்னொரு கேள்வியும் அவர்கள் முன்னால் இருக்கும். 32 வயதில், படையும் சீருடையும் இல்லாமல், தெரியாத ஊரில் அதே கேள்வியோடு நின்ற ஒரு சென்னைப் பெண் கிளினிக் கதவைத் திறந்து வைத்தார். வந்தவர்களைப் பார்க்கத் தொடங்கினார்.